பிரம்பும் சாப்பாடு தான்: குருத்தும் பழமும் தர்ற ஏறு பனைங்க

பிரம்பு ஒரு பனை. இத சொன்னா நம்ம ஆளுங்கள்ல பாதி பேர் நம்ப மாட்டாங்க, மூங்கிலுக்கு சொந்தம்னு நெனைப்பாங்க, இல்லன்னா ஏதோ ஒரு காட்டுக் கொடின்னு விட்ருவாங்க. ஆனா தென்னை, பனை, ஈச்சை, பாக்கு எல்லாம் இருக்கற அதே குடும்பம் தான் இதுவும், ஒரே வித்தியாசம் இது நேரா நிக்காம பக்கத்துல இருக்கற மரத்த புடிச்சிக்கிட்டு ஏறும். மூங்கில வெட்டிப் பாத்தா உள்ள ஓட்டை, பிரம்பு உள்ள கெட்டியா நார் அடைச்சி இருக்கும், அதனால தான் அத நெருப்புல காட்டி வளைச்சி நாற்காலி பண்ண முடியுது. உலகத்துல சுமார் 600 வகை பிரம்பு இருக்கு, அதுல பெரும்பங்கு காலமஸ்னு ஒரே பேரினம் (நெருங்குன வகைங்கள ஒன்னா சேத்த கூட்டம்), பனைக் குடும்பத்துலயே ரொம்ப பெரிய பேரினம் அது தான். மலேசியா சிங்கப்பூர்ல இருக்கறவங்க சாப்பிடற சாலாக் பழம், ஆதியில ஜவ்வரிசி எடுத்த சேகோ பனை, இதெல்லாம் பிரம்புக்கு நெருங்குன சொந்தக்காரங்க. சேலத்துல இப்ப நாம பண்ற ஜவ்வரிசி மரவள்ளியில வர்றது, அது வேற கதை.

நான் இங்க பேச வர்றது நாற்காலிய பத்தி இல்ல. பிரம்பு வளர்ற காட்டுல இருக்கற மக்களுக்கு அது மொதல்ல சாப்பாடு. லாவோஸ், தாய்லாந்து, அசாம், போர்னியோ, பிலிப்பைன்ஸ், காங்கோ பக்கத்து காடு, எங்க போனாலும் யாராவது ஒருத்தர் பிரம்புக் குருத்தயோ பழத்தயோ சாப்பிட்டுட்டு தான் இருக்காங்க. வெளிய இருக்கற நமக்கு ஃபர்னிச்சர் மட்டும் தெரியுது, ஏன்னா அது தான் கப்பல் ஏறி வருது. குருத்து ஊர் சந்தையோட நின்னுடும்.

மொதல்ல செடி எப்படி இருக்கும்னு சொல்லிடறேன், ஏன்னா சாப்பாட்டு விஷயம் முழுக்க அந்த அமைப்புல தான் இருக்கு. பிரம்போட தண்டு மேல ஒவ்வொரு ஓலையும் அடியில ஒரு உறை மாதிரி தண்ட சுத்திக்கிட்டு இருக்கும், அந்த உறை முழுக்க முள்ளு, சில வகையில ஊசி மாதிரி தனித்தனியா, சில வகையில சீப்பு பல்லு மாதிரி வரிசை வரிசையா. அதுக்கு மேல சில வகையில ஓலையோட நுனி நீண்டு சாட்டை மாதிரி தொங்கும், சில வகையில உறையில இருந்தே ஒரு சாட்டை கெளம்பும், ரெண்டுலயும் பின்பக்கம் வளைஞ்ச கொக்கி முள்ளு இருக்கும், காத்துல ஆடி ஒரு கிளையில மாட்டிச்சுன்னா அவ்ளோ தான், இழுக்க இழுக்க இறுகும். காட்டுல நடக்கறப்ப சட்டையில மாட்டுனா முன்னாடி இழுக்கக் கூடாது, நின்னு ரெண்டு அடி பின்னால வந்து தான் கழட்டணும். ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்து காட்டுல இதுக்கு ‘கொஞ்சம் நில்லு’ன்னு அர்த்தம் வர்ற பேரே இருக்கு. இவ்ளோ முள்ளும் எதுக்குன்னா ஏறறதுக்கு மட்டும் கிடையாது, உள்ள நுனியில இருக்கற அந்த ஒரே ஒரு மெத்துன்னு இருக்கற மொட்ட காப்பாத்தவும் தான். யானை, கரடி எல்லாத்துக்கும் அந்த குருத்து புடிக்கும்.

அந்த ஒரே ஒரு மொட்டு தான் இங்க முக்கியம். மாமரத்துல ஒரு கிளைய ஒடிச்சா இன்னொரு கிளை வரும். பனை ஜாதியில அப்படி இல்ல, ஒரு தண்டுக்கு உச்சியில ஒரு குருத்து, அத எடுத்துட்டா அந்த தண்டு முடிஞ்சது. தென்னை சாஞ்சா உள்ள இருந்து வெள்ளையா எடுத்து எல்லாருக்கும் பங்கு போடுவோமே, மரம் சாஞ்ச பிறகு தான் அத திங்க முடியும், அதே கணக்கு தான் பிரம்புக்கும். அப்ப பிரம்புக் குருத்து சாப்பிடறதுன்னா செடிய கொல்றதான்னு கேட்டா, அது எந்த வகைங்கறத பொறுத்தது. சில பிரம்பு ஒத்தத் தண்டா தான் வளரும், மலாய் நாட்டுலயும் சுமத்ராவுலயும் இருக்கற மானாவ் பிரம்பு அப்படி, 100 மீட்டர தாண்டி கூட வளரும், தடியான ஃபர்னிச்சர் கம்பு அதுல இருந்து தான் வருது. அத சின்ன வயசுல குருத்துக்காக வெட்டுனா அடியில இருந்து மறுபடி வராது, பத்து பதினஞ்சு வருஷத்துல கெடைக்க வேண்டிய கம்பு ஒரு வேளை குழம்போட போயிடும். வேற சில வகைங்க வாழை மாதிரி பக்கக் கன்னு விட்டு புதரா வரும், ஒன்ன வெட்டுனா அடியில ரெண்டு மூணு கெளம்பும். சாப்பாட்டுக்குன்னு மனுஷன் நட்டு வளக்க ஆரம்பிச்சது எல்லாமே இந்த ரெண்டாவது வகை தான். காட்டுல கண்ட பிரம்ப எல்லாம் வெட்டி திங்கறதுக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், ஆனா பிரம்பு அழியுது அழியுதுன்னு பேசறப்ப ரெண்டையும் ஒன்னா போட்டு குழப்பிடறாங்க, அது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம்.

லாவோஸுக்கும் தாய்லாந்தோட வடகிழக்குக்கும் வருவோம், இசான்னு சொல்ற பகுதி, மேகாங் ஆத்துக்கு ரெண்டு கரையிலயும் கிட்டத்தட்ட ஒரே சாப்பாடு தான். ஒட்டுற அரிசி சோறு, மீன ஊற வச்சி புளிக்க வச்ச பாதேக், காரம், கசப்பு. கசப்புன்னா அங்க ஒரு தனி ருசியா மதிப்பாங்க, நம்ம ஊர்ல பாகக்காய்க்கும் சுண்டக்காய்க்கும் இருக்கற இடம்னு வச்சிக்கலாம். சந்தையில பிரம்புக் குருத்து கட்டு கட்டா வரும், ஒவ்வொன்னும் ஒரு கை நீளமோ அதுக்கு மேலயோ இருக்கும், உறைய முள்ளோட அப்படியே விட்டு விப்பாங்க, இல்லன்னா முள்ள மட்டும் சீவிட்டு விப்பாங்க. வாங்கிட்டு வந்து என்ன பண்ணுவாங்கன்னா, ஒரு வழி, முழுசா அப்படியே அடுப்பு தணல் மேல போட்டு பொரட்டி பொரட்டி சுடறது, வெளி உறை கருகி முள்ளு எல்லாம் பொசுங்கி போயிடும், அப்புறம் நீளவாக்குல கத்திய விட்டு பொளந்தா உள்ள இருக்கறது வெந்து வெள்ளையா, லேசா மஞ்சளா இருக்கும், அத தொவையல் மாதிரி இடிச்ச காரத்துல தொட்டு சாப்பிடறது. இன்னொரு வழி, பச்சையாவே உறைய ஒவ்வொன்னா உரிக்கறது. வெளி உறை மரம் மாதிரி இருக்கும், அடுத்தது கொஞ்சம் எளசு, கத்தி முனைய வச்சி அழுத்திப் பாத்தா நார் தடுக்காம இறங்கற எடம் வர்ற வரைக்கும் உரிச்சிட்டே போகணும். கடைசியில ஒரு கை நீளக் குருத்துல கையளவு தான் தேறும், மீதி எல்லாம் குப்பை. அத உடனே தண்ணியில போடலன்னா கறுத்துடும். கசப்பு அதிகமா இருந்தா ஒரு தடவ வேக வச்சி அந்த தண்ணிய கொட்டிடுவாங்க, கசப்பு வேணுங்கறவங்க கொட்ட மாட்டாங்க.

அதுல செய்யற குழம்ப ‘கேங் வாய்’னு சொல்வாங்க. மூங்கில் குருத்து குழம்பு வைக்கற அதே முறை தான், யானாங்னு ஒரு கொடியோட இலைய தண்ணியில கசக்கி பச்சையா கொழகொழன்னு சாறு எடுத்து அதுல தான் குழம்பு கொதிக்கும், அந்த சாறு கசப்பையும் காறலையும் அடக்கும்னு அங்க சொல்வாங்க. ஊற வச்சி இடிச்ச அரிசி கொஞ்சம் சேத்தா குழம்பு கெட்டியாகும், அப்புறம் பாதேக், மொளகா, எலுமிச்சம் புல்லு, காளான் இருந்தா காளான், விசேஷம்னா கோழி. வடகிழக்கு தாய்லாந்துல சகோன் நகோன் பக்கம் ‘பூ தாய்’ங்கற இன மக்கள் வீட்டுல விருந்தாளி வந்தா வைக்கற குழம்பு இது.

சாப்பிட்டது எல்லாம் ரொம்ப காலமா காட்டுல இருந்து தான் வந்துச்சு. காடு கொறைய கொறைய, ரோடு வர வர, டவுனுக்கு போன ஜனங்களும் ஊர் ருசிய கேக்க, குருத்துக்கு விலை ஏறிச்சு, அப்பறம் தான் போன நூற்றாண்டு கடைசியில இசான்லயும் லாவோஸ் வியன்டியான் சமவெளியிலயும் வயல்லயே பிரம்பு நடற வேலை பரவுச்சு. இங்க ஒரு கணக்கு இருக்கு, எனக்கு இந்த சப்ஜெக்ட்லயே புடிச்ச பகுதி இது தான். கம்புக்காக பிரம்பு நட்டா மெல்லிசு வகைக்கே ஏழு எட்டு வருஷம், தடிசு வகைக்கு அத விட ரொம்ப அதிகம், அதோட ஏறறதுக்கு மரம் வேணும், வெட்டறப்ப கொக்கி முள்ளோட மேல இருந்து இழுத்து இறக்கணும், பாதி கம்பு மரத்துலயே மாட்டி வீணாப் போகும். ஒரு சின்ன விவசாயி அவ்ளோ வருஷம் காத்திருக்க மாட்டான். குருத்துக்கு நட்டா ஒன்னரை ரெண்டு வருஷத்துல மொத அறுவடை வந்துடும், அப்பறம் பக்கக் கன்னு வர வர வருஷத்துல பல தடவ வெட்டலாம், ஏற மரமே தேவையில்ல ஏன்னா ஏறற அளவுக்கு விடறதே இல்ல, இடுப்பு உயரம் நெஞ்சு உயரத்துலயே வெட்டிடுவாங்க. நெருக்கமா நடலாம், திறந்த வெயில்லயே வளரும், தண்ணி பாய்ச்சுனா கோடையிலயும் குருத்து கெடைக்கும், அப்ப தான் காட்டுக் குருத்து வரத்து கம்மி, விலையும் கூட. காட்டுச் செடியா இருந்தது இப்படி ஒரு காய்கறிப் பயிரா மாறிடுச்சு. லாவோஸ்ல இதுக்கு அதிகமா நடறது காலமஸ் டெனுயிஸ்ங்கற வகை, மெல்லிசுத் தண்டு, பொதுபொதுன்னு புதர், ஆத்தோர ஈர மண்ணுல தானா வளர்ற ஜாதி.

அதே டெனுயிஸ் தான் நம்ம நாட்டுல அசாம்ல ஜாதி பேத்னு வீட்டுக்கு பின்னாடி மூங்கில் தோப்பு ஓரத்துல, குளத்தங்கரையில நிக்குது. அங்க பேத்னா பிரம்பு, குருத்துக்கு பேத்காஜ்னு பேரு. வேக வச்சி கடுகெண்ணெய், பச்சை மொளகா, உப்பு போட்டு பெசைஞ்சா பிட்டிகா, இல்லன்னா மீனோட, பன்னிக் கறியோட. கசப்புல ஆரம்பிக்கற சாப்பாடு அவங்களுக்கு பழக்கம், வயித்துக்கு நல்லதுன்னு வீட்டு பெரியவங்க சொல்வாங்க. அசாம்ல பிரம்பு வேலை பெரிய கைத்தொழில், கூடை, மோடாங்கற முக்காலி மாதிரி ஆசனம், நாற்காலின்னு, அதனால ஒரே புதர்ல இருந்து கம்பும் எடுக்கலாம் குருத்தும் எடுக்கலாம், எத எவ்ளோ எடுக்கறதுன்னு வீட்டுக்காரங்க தான் முடிவு பண்ணணும். ரைடாங்னு இன்னொரு தடிச்ச வகையும் இருக்கு, அதோட குருத்தும் சாப்பிடுவாங்க.

போர்னியோவோட இந்தோனேசியப் பக்கம், கலிமந்தான்ல, கதை இன்னும் பழசு. அங்க இருக்கற பழங்குடிகளான தயாக் மக்கள் காட்ட வெட்டி எரிச்சி மலை நெல்லு போடறப்பவே கூட பிரம்பு விதையும் போட்டுடுவாங்க, ஒன்னு ரெண்டு வருஷம் நெல்லு எடுத்துட்டு அந்த நெலத்த விட்டுட்டு போயிடுவாங்க, மரம் மறுபடி வளரும், பிரம்பு அதுல ஏறும், ஏழு எட்டு வருஷம் கழிச்சி திரும்பி வந்து வெட்டுவாங்க, கொஞ்ச சுத்து முடிஞ்சதும் மறுபடி நெல்லு. கெபுன் ரோத்தான், அதாவது பிரம்புத் தோட்டம்னு சொன்னாலும் பாக்கறவங்க கண்ணுக்கு அது வெறும் காடு தான். பாரித்தோ ஆத்து வெள்ளம் ஏறற தாழ்வான நெலத்துல 19ஆம் நூற்றாண்டுல இருந்தே நட்டு வந்திருக்காங்க. இந்த தோட்டத்துல இருந்து வீட்டு சமையலுக்கு வர்றது தான் உம்புத் ரோத்தான், பிரம்புக் குருத்து. மத்திய கலிமந்தான்ல அத சிங்காஹ்னு சொல்வாங்க, ‘ஜூஹூ சிங்காஹ்’ங்கறது அதோட குழம்பு, ஆத்து கெளுத்தி மீனு, புளிப்பு கத்திரிக்காய், மஞ்சள், எலுமிச்சம் புல்லு, கசப்பும் புளிப்பும் மீனோட கொழுப்பும் ஒன்னா சேரும். பலங்காராயா டவுன்ல தயாக் சாப்பாட்டுக் கடைக்கு போனா கெடைக்கும்.

இந்த தோட்டங்களுக்கு அடி விழுந்தது சாப்பாட்டால இல்ல, கம்பு விலையால. இந்தோனேசியா அரசு 1980கள்ல கச்சா பிரம்பு ஏற்றுமதிய படிப்படியா தடை பண்ணிச்சு, உள்நாட்டு ஃபர்னிச்சர் தொழில வளக்கறதுக்காக. 1998ல பொருளாதார நெருக்கடிக்கு அப்புறம் தடைய தளர்த்துனாங்க, 2012 தொடக்கத்துல இருந்து மறுபடி தடை. ஜாவாவுல இருக்கற ஃபேக்டரிக்கு மலிவா கம்பு கெடைச்சிச்சு, கலிமந்தான்ல வெட்டி காய வச்சி விக்கறவனுக்கு வாங்கற ஆளு கொறைஞ்சி விலை படுத்துடுச்சு. 1997, 98 வருஷத்துல எரிஞ்ச காட்டுத் தீயிலயும் கிழக்கு கலிமந்தான்ல நெறைய பிரம்புத் தோட்டம் போச்சு. போன எடத்துல திரும்ப பிரம்பு நடறதுக்கு காரணம் இல்லாம ரப்பர், எண்ணெய்ப் பனைன்னு மாறிட்டாங்க. பிரம்புத் தோட்டம்னா மேல மரம் நிக்கணும், அது இருக்கற வரைக்கும் காடும் இருக்கும், அதனால ஒரு பிரம்புத் தோட்டம் போச்சுன்னா கூடவே போறது அந்த மரமும் தான். ஃபேக்டரிய காப்பாத்தப் போட்ட சட்டம் காட்ட வளத்தவன் வயித்துல அடிச்சிடுச்சுன்னு தான் நான் பாக்கறேன்.

பழத்துக்கு வருவோம். பிரம்புப் பழத்த பாத்தவங்க மறக்க மாட்டாங்க, சின்ன கோலி அளவுல இருந்து எலுமிச்ச அளவு வரைக்கும், தோலு மேல பாம்புச் செதில் மாதிரி பளபளன்னு, செதில் முனை எல்லாம் கீழ்நோக்கி, நேர் வரிசையா அடுக்கி இருக்கும். தோல நகத்தால உரிச்சா உள்ள விதைய சுத்தி கண்ணாடி மாதிரி ஒரு சதை. அது பழத்தோட சதை கெடையாது, விதையோட மேல் தோலே அப்படி சதையா மாறினது, அதனால தான் எவ்ளோ சப்புனாலும் விதைய விட்டு முழுசா வராது. புளிப்பு, கொஞ்சம் துவர்ப்பு, நல்லா பழுத்தா லேசா இனிப்பு. காலமஸ் வகையில ஆண் செடி தனி பெண் செடி தனி, பனை மரம் மாதிரியே, அதனால ஆண் புதர எத்தன வருஷம் வளத்தாலும் பழம் வராது.

பங்களாதேஷ்லயும் வங்காளத்துலயும் பேத் ஃபல்னு கோடை தொடங்கற நேரத்துல கொத்து கொத்தா வரும், உப்பும் மொளகாப் பொடியும் போட்டு குலுக்கி சாப்பிடறது சின்னப் பசங்களுக்கு பெரிய குஷி. மேகாலயாவுல காசிங்கற பழங்குடி மக்களுக்கு அது சோத்ரி. பிலிப்பைன்ஸ்ல வடக்கு லூசான் மலைப் பகுதியில லிட்டுக்கோன்னு ஒரு பழம், பாகியோ சந்தையில பாக்கலாம், கொல்ற புளிப்பு, உப்போட சாப்பிடுவாங்க, ஊறுகாயும் போடுவாங்க. மூணும் வேற வேற எடம், தொட்டுக்கறது எல்லா எடத்துலயும் உப்பு தான். சுமத்ராவுல இன்னொரு வகையோட பழத் தோலு மேல செவப்பா பிசின் கட்டும், ஜெர்னாங்னு பேரு, அது சாப்பிட இல்ல, சாயத்துக்கும் மருந்துக்கும், ஜம்பி காட்டுல ஒராங் ரிம்பா மக்களுக்கு அதுல வர்ற காசு முக்கியம்.

நம்ம பக்கமும் இந்த பழத்த கவனிச்சவங்க இருந்திருக்காங்க. அவ்வையார் பாடுன குறுந்தொகை 91வது பாட்டுல, பின்னிக் கிடக்கற பிரம்போட ‘வரிப்புற விளைகனி’ய, அதாவது மேல வரி வரியா இருக்கற பழுத்த பழத்த, ஆழமான குளத்துல கெண்டை மீன் கவ்வுறதா வருது. அந்த செதில் வரிசைய கையில வச்சி பாத்தவங்க தான் வரிப்புறம்னு எழுத முடியும், அதோட குளத்தங்கரைன்னு சொன்னதும் சரி, தமிழ்நாட்டுலயும் இலங்கையிலயும் வளர்ற காலமஸ் ரோட்டாங் ஈரமான கரை ஓரத்துல தான் புதரா நிக்கும். காலமஸ்ங்கற பேரினத்துக்கே அடையாளமா வச்சிருக்கற வகை அது தான், தாவரங்களுக்கு அறிவியல் பேரு வச்ச லின்னேயஸ் 1753ல பேரு வச்சது. இன்னிக்கு நமக்கு அது சித்த மருந்துக் கடையில பிரப்பங்கிழங்கா மட்டும் தான் தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலையில 20 வகைக்கு பக்கமா காலமஸ் இருக்கு, திருச்சூர் பக்கத்துல பீச்சியில இருக்கற கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் அதப் பத்தி ரொம்ப வருஷமா வேலை பண்ணியிருக்காங்க. அந்த மலையில சில வகைப் பழத்த காட்டு மக்கள் சாப்பிடுவாங்க. ஆனா குருத்த ஒரு காய்கறியா சந்தைக்கு கொண்டு வர்ற பழக்கம் தெற்குல வரவே இல்ல.

ஆப்பிரிக்காவுல பிரம்பு 20 வகை சுமாரா தான், அதுல காலமஸ் ஒன்னே ஒன்னு, மத்தது எல்லாம் அந்த கண்டத்துக்கே சொந்தமான பேரினங்க. கேமரூன், காபோன் பக்கம் லாக்கோஸ்பெர்மாங்கற தடிச்ச வகையோட இளங்குருத்த சுட்டும் வேக வச்சும் சாப்பிடுவாங்க, அது கசப்பு தான். அதே செடியில இருந்து தான் அங்க ஃபர்னிச்சருக்கும் கம்பு எடுக்கறாங்க, ரெண்டு பேரும் அதே புதர்ல கை வைக்கறப்ப டவுன் பக்கத்து காடு சீக்கிரம் காலியாகுது.

நம்ம ஊர்லயோ இலங்கையிலயோ யாராவது குருத்துக்காக நட ஆசைப்பட்டா மொதல்ல பாக்க வேண்டியது பக்கக் கன்னு விடற வகையா இல்லயான்னு, அப்பறம் அந்த வகைய எங்கயாவது மனுஷங்க வழக்கமா சாப்பிடறாங்களான்னு, ஏன்னா சிலதோட கசப்பு எத்தன தண்ணி மாத்துனாலும் போகாது. காட்டுல இருந்து தோண்டி எடுக்காதீங்க, விதையில இருந்து கொண்டு வாங்க. பிரம்பு விதைக்கு பொறுமை கெடையாது, பழத்துல இருந்து எடுத்து ஒரு வாரம் வெயில்ல போட்டு காய வச்சா செத்துடும், மொளைக்காது. பழத்த உடனே உரிச்சி, ரெண்டு நாள் தண்ணியில ஊற வச்சி, மணலோட தேச்சி அந்த கண்ணாடி சதைய சுத்தமா எடுத்துடணும், சதை இருந்தா பூஞ்சை புடிக்கும், மொளைப்பும் தாமதமாகும். ஈர மரத்தூள்லயோ மணல்லயோ நிழல்ல போட்டு வச்சா நல்ல விதை ரெண்டு மூணு மாசத்துல மொளைக்க ஆரம்பிக்கும், அத பையில மாத்தி ஒரு வருஷம் போல பாதி நிழல்ல வளத்து, மழைக்காலம் ஆரம்பிக்கறப்ப நடலாம். தண்ணி நிக்காம ஈரம் மட்டும் இருக்கற எடமா பாத்து, கையில நல்ல தடிச்ச கையுறை போட்டுக்கிட்டு.